கேழ்வரகின் இரு பெற்றோர்

மைசூரு வட்டாரத்தின் களிக்கு உயிரான கேழ்வரகு, கிழக்காப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்தது. இதன் குரோமோசோம்கள் 36; வயலில் களையாய் முளைக்கும் உறவுப்புல்லான எலூசினே இண்டிகாவுக்கு 18. இப்புல் வேறொரு புல்லோடு கலந்து, குரோமோசோம்களும் இரட்டித்தமையால் கேழ்வரகு தோன்றிற்று. அந்த இரண்டாம் பெற்றோர் இன்றும் உறுதிப்படவில்லை.

ஆகவே, பல மரபணுக்கள் இருபடிகளாய் உள்ளன. இத்தகைய இரட்டைகளில் ஒன்று பழைய பணியைக் காக்கும்போது, மற்றொன்று ஒடுங்கலாம், புதுப்பணி ஏற்கலாம், இரண்டும் வேலையைப் பகிர்ந்து, வெவ்வேறு உறுப்புகளில் வெளிப்படவும் கூடும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், மைசூருவை அடுத்த மண்டியாவில் இலட்சுமணய்யா இந்திய, ஆப்பிரிக்கக் கேழ்வரகுகளைக் கலந்து ‘இண்டாஃப்’ இரகங்களை உருவாக்கினார். மரபுத்தொகுதியின் வரைவு வெளிவந்ததோ 2017இல். மரபணுக்களைப் படிக்க இயலாத காலத்திலேயே, அவற்றின் வெளிப்பாட்டைக் கதிரில் கண்டு தேர்ந்தவர் அவர்.