கோட்டையும் சபையும்: பிரீமேசன் வாயில் பற்றிய ஒரு நோக்கு

திருகோணமலையின் பிரட்றிக் கோட்டை வரலாற்று மாணவர்க்குப் புதியதன்று. கோணேசர் கோயிலை 1622இல் இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டே 1624இல் இங்குக் கோட்டை அமைத்தனர் என்பதும், ஒல்லாந்தர் வசமிருந்த அதனைப் பிரித்தானியர் 1795இல் கைப்பற்றினர் என்பதும் நன்கறியப்பட்டவை. ஆயின் இக்கோட்டையோடு தொடர்புடைய இரு பெயர்கள் பிறிதொரு வரலாற்றுக்கும் எம்மை இட்டுச் செல்கின்றன. எவரது பெயர் 1803இல் கோட்டைக்கு இடப்பெற்றதோ, அந்த யோர்க் கோமகன் பிரட்றிக் 1787இல் இலண்டனில் பிரீமேசன் சபையிற் சேர்ந்தவர். 1800இன் இறுதியிலும் 1801இன் தொடக்கத்திலும் திருகோணமலையிற் படையுடன் தங்கிய ஆதர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்றவர், 1790இல் அயர்லாந்தின் ட்ரிம் நகரச் சபையிற் சேர்ந்தவர். இவ்விருவரையும் ஏற்றுக்கொண்ட அச்சபையின் வாயில் எவர்க்குத் திறந்தது, எவர்க்கு மூடியது என ஆராய்தல், குடியேற்ற ஆட்சியின் இயல்பை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும்.

இடைக்கால ஐரோப்பாவிற் கல்வேலை செய்த கொத்தரின் மூலைமட்டம், கவராயம் முதலிய கருவிகளை அறக் குறியீடுகளாகக் கொண்டு, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் உருப்பெற்ற சகோதர அமைப்பே பிரீமேசன் இயக்கமாகும். அதன் கிளைச் சபை ‘லொட்ஜ்’ எனப்படும். 1723இல் ஜேம்ஸ் அன்டர்சன் தொகுத்த விதிகள் அதற்கு அடிப்படையாயின. சேர விரும்புவோனை உறுப்பினர் ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய வேண்டும். பின்னர் வெள்ளை, கறுப்பு உருண்டைகளால் இரகசிய வாக்கெடுப்பு நிகழும். கறுப்பு உருண்டை ஒன்றிரண்டு விழுந்தாலே வேண்டுகோள் தள்ளப்படும். ஏற்கப்பட்டவன் பரம்பொருளில் நம்பிக்கையுடையவனாய், தன் சமய நூலின்மீது உறுதிமொழி எடுத்து, மூன்று படிநிலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடப்பான். சபையினுள் சமய, அரசியல் விவாதம் கூடாது. அரசகுமாரனும் வணிகனும் அங்குச் சமமாக அமர்வர். பெண்களுக்கு அங்கு இடமிருக்கவில்லை.

இவ்வமைப்புக் கடல்கடந்து பரவியமைக்குப் படையே முதற் காரணம். 1732 முதல் அயர்லாந்துத் தலைமைச் சபை, படையணியோடு இடம்பெயரக்கூடிய சபைகளுக்கு அனுமதிப் பத்திரம் வழங்கலாயிற்று. தாயகத்தை நீங்கித் துறைமுகந்தோறும் அலைந்த அதிகாரிக்கு, சென்ற இடத்திலெல்லாம் தன்னை இனங்காணும் ‘சகோதரர்’ இருத்தல் பெரும் பேறாயிற்று. கொழும்பில் 1838இல் நிறுவப்பட்ட புனித யோவான் சபை, இலங்கையில் இவ்வியக்கம் நிலைபெற்றமைக்குச் சான்றாகும்.

ஆளப்பட்டோர் இச்சபையிற் சேர்ந்தனரா என்பதே அடுத்து எழும் வினா. தமிழகத்தில் அதற்கு முற்பட்டதோர் எடுத்துக்காட்டு உண்டு. ஆர்க்காட்டு நவாபின் மூத்த புதல்வர் உம்தத்துல் உமரா, 1770களில் திருச்சிராப்பள்ளியிற் சேர்த்துக்கொள்ளப்பட்டார். இலண்டன் தலைமைச் சபை மகிழ்ந்து வாழ்த்தும் சபைக்குரிய அணியாடையும் அனுப்பிவைத்தது. 1795இல் நவாபான அவர் 1801 யூலையில் இறந்ததும், கம்பனியார் அவர் மகனின் உரிமையை மறுத்துக் கர்நாடக ஆட்சியைத் தமதாக்கினர். அவ்வேளை மகா தேசாதிபதியாயிருந்தவர் ஆதரின் தமையன் றிச்சார்ட் வெல்லெஸ்லி. அவரோ 1782இல் அயர்லாந்துத் தலைமைச் சபையின் தலைவராயிருந்தவர்! சபையினுள் நிலவிய சகோதரத்துவம் அரசுரிமைப் பிணக்கில் எவ்விதத் துணையும் செய்யவில்லை.

அரச குலத்தவர்க்கே நிலை இதுவெனின் ஏனையோர் நிலையை ஊகிக்கலாம். 1817இற் பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சிக் கப்பற்சிற்பிகள் பிரித்தானியக் கடற்படைக்குக் கட்டிய போர்க்கப்பல் ‘திருகோணமலை’ எனப் பெயர்பெற்றது. பார்சிகளின் கைத்திறனைக் கடற்படை ஏற்றது. ஆயின் அதே நகரத்துப் பார்சிப் பெருமகன் மாணக்ஜி கர்செட்ஜி சபையிற் சேர விரும்பியபோது பம்பாய்ச் சபை மறுத்தது. அவர் பாரிஸ் சென்று சேர்ந்தார். இந்தியர் சேர்வதற்கெனப் பம்பாயில் 1843இற் புதிய சபையொன்று தோன்றிய பின்னரே இச்சிக்கல் ஓரளவு தணிந்தது. வங்காளத்திலோ பிரசன்ன குமார் தத்தர் 1863இல் விண்ணப்பித்து 1872இலேயே சேர முடிந்தது. இந்துக்கள் பல தெய்வங்களை வணங்குவோர், ஆதலின் பரம்பொருள் ஒன்றை நம்புவோர் ஆகார் என்பது எதிர்த்தோர் வாதம். சமய பேதம் பாராத விதியே சமயத்தின் பெயரால் தடையாக்கப்பட்டமை ஈண்டு நோக்கத்தக்கது.

இவற்றைக் கொண்டு சபையின் கொள்கை வெறும் பாசாங்கே என முடிவுகட்டுதல் பொருந்தாது. விலக்கப்பட்டோர் தம் வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டியது அச்சபையின் விதிகளையே. உறுப்பினன் ‘சுதந்திரனாய்ப் பிறந்தவனாய்’ இருத்தல் வேண்டும் என்ற விதியை, அடிமைத்தளை நீங்கியோரும் சேருமாறு, 1847இல் இங்கிலாந்துத் தலைமைச் சபையே ‘சுதந்திர மனிதன்’ எனத் திருத்தியது. 1961இல் இந்தியாவுக்கெனத் தனித் தலைமைச் சபையும் உருவாயிற்று. மறுபுறம், ட்ரிம் நகரில் எளிதாக நுழைந்த வெலிங்டனோ, தாம் சேர்ந்தமை நினைவிலேயே இல்லை என 1851இல் எழுதினார். தடையின்றிப் பெற்றவர் மறந்தார். தடுக்கப்பட்டவரோ ஆண்டுக்கணக்காக வாயிலில் நின்றனர்.

சமத்துவம் பேசும் எந்த அமைப்பையும் அதன் உள்ளே நிகழும் மரியாதைகளைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. இஃது அந்நியரின் சபைக்கு மட்டும் உரியதன்று. இறைவன் முன் யாவரும் சமம் என்ற எமது சமூகத்திலேயே, 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்நுழையும் உரிமைக்காகப் போராட நேர்ந்தது. பம்பாய்ச் சபையின் கதவைக் குறைகூறும் கல்வியாளர், தம் ஊர்க் கோயிலும் சங்கமும் எவரை வெளியே நிறுத்தின என்பதையும் அதே அளவுகோலால் அளந்து எழுதுவாராயின், வரலாற்றுக் கல்வி தன் கடனைச் செய்ததாகும்.