75 என்ற சராசரி

2016 கடைசியில் நான் நேஷனல் சர்வீஸில் இருந்தேன். தேக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் என்னை மெடிக் வேலைக்குப் போட்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை புக்-அவுட் ஆகி, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நண்பர்களோடு போய்ப் பார்த்த படம் 'ஹேக்ஸா ரிட்ஜ்'. படம் முடிந்து வெளியே வரும்போது பக்கத்திலிருந்தவன் சொன்னான்: "துப்பாக்கியே தொடாத மெடிக்காம். நம்ம சார்ஜெண்ட் கையில மாட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்." எல்லாரும் சிரித்தோம். எங்களுக்கு ஸ்ட்ரெச்சரும் உண்டு, துப்பாக்கியும் உண்டு. இரண்டில் எதைத் தொலைத்தால் அதிகம் திட்டு விழும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அந்தப் படத்தின் நாயகன் டெஸ்மண்ட் டாஸ். படத்தின் கதை 1945இல் முடிந்துவிடுகிறது. இறுதியில் சில நிமிடங்கள் மட்டும் நிஜ டாஸ் வயதானவராக வந்து பேசுகிறார். அவர் இறந்தது 2006இல். நடுவிலிருந்த 61 ஆண்டுகள் எங்கே போயின என்ற கேள்வி வேலைக்குப் போன பிறகுதான் எனக்கு வந்தது. வந்ததற்கு ஒரு காரணம் வீட்டிலேயே இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டாஸ் 1919இல் வர்ஜீனியா மாநிலத்தின் லின்ச்பர்க் நகரில் பிறந்தார். குடும்பம் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தது. அவர்களுக்கு ஓய்வுநாள் சனிக்கிழமை. வீட்டுச் சுவரில் பத்துக் கட்டளைகளைச் சித்திரிக்கும் படம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதில் 'கொலை செய்யாதிருப்பாயாக' என்ற கட்டளைக்குக் காயீன் ஆபேலைக் கொல்லும் காட்சி. சிறுவன் டாஸ் அதையே பார்த்துப் பார்த்து வளர்ந்தார்.

1942 ஏப்ரலில் அவருக்கு ராணுவ அழைப்பு வந்தது. நம்ம ஊர் விழுந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்ததால் விலக்கு கேட்டிருக்கலாம், அவர் கேட்கவில்லை. சீருடை போட்டுக்கொள்கிறேன், காயம்பட்டவனைத் தூக்குகிறேன், ஆயுதம் மட்டும் தொடமாட்டேன் என்றார். ராணுவம் அவரை 'மனசாட்சி மறுப்பாளர்' என்று பதிவு செய்தது. அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. தான் 'மனசாட்சி ஒத்துழைப்பாளர்' என்று சொல்லிக்கொண்டார். ஆயுதம் ஏந்தாத பணிக்கு அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. ஆனாலும் படுக்கை அருகே ஜெபம் செய்தவர்மேல் பூட்ஸ் பறந்து வந்தது. மனநிலை சரியில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பவும் அதிகாரிகள் முயன்றார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்குச் சங்கடமாக இருந்தது. சிங்கப்பூரில் நம்பிக்கை காரணமாக நேஷனல் சர்வீஸை மறுப்பவர்களுக்கு மாற்றுச் சேவை கிடையாது. யெகோவாவின் சாட்சிகள் சபைப் பையன்கள் ராணுவத் தடுப்பு முகாமுக்குத்தான் போகிறார்கள். டாஸின் நிலைப்பாடும் அவர்களுடையதும் ஒன்றல்ல. அவர் சீருடையை மறுக்கவில்லை. ஆனால் திரையில் அந்தப் பிடிவாதத்துக்குக் கைதட்டிய எங்களில் ஒருத்தருக்கும் அந்தப் பையன்கள் நினைவுக்கு வரவில்லை.

குவாம், லெய்ட்டே தீவுகளில் டாஸ் செய்தவற்றைப் படம் தொடவே இல்லை. இரண்டும் 1944இல் நடந்தவை. நேராக ஒக்கினாவாவின் மயேடா முகட்டுக்குப் போய்விடுகிறது. 1945 மே 5, ஒரு சனிக்கிழமை. பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்த பிறகும் டாஸ் மட்டும் மேலேயே இருந்து, விழுந்து கிடந்தவர்களை ஒவ்வொருவராக இழுத்து வந்து கயிற்றில் கட்டிச் செங்குத்துப் பாறையிலிருந்து இறக்கினார். பயிற்சியில் கற்ற இரட்டை வளைய போலைன் முடிச்சு அன்றைக்குக் கை கொடுத்தது: ஒவ்வொரு காலுக்கும் ஒரு வளையம், மிச்சக் கயிறு மார்பைச் சுற்றி. இன்னும் ஒருவன், இன்னும் ஒருவன் என்று வேண்டிக்கொண்டே இருந்ததாகப் பின்னாளில் சொன்னார்.

எத்தனை பேரைக் காப்பாற்றினார்? மேலே ஏறியவர்கள் 155, சொந்தக் காலில் இறங்கியவர்கள் 55, ஆகவே 100 என்பது மற்றவர்கள் போட்ட கணக்கு. அவ்வளவெல்லாம் இருக்காது, 50தான் என்றார் டாஸ். கடைசியில் 75 என்று முடிவானது. விருதுப் பத்திரத்தில் இருப்பதும் 'ஏறக்குறைய 75' தான். அலுவலகத்தில் இப்படி இரண்டு அளவுகளைக் கூட்டி இரண்டால் வகுத்து ரிப்போர்ட்டில் எழுதினால் என் மேலாளர் விடமாட்டார். ஆனால் செய்தவனே குறைத்துச் சொல்லும் எண்ணிக்கை வரலாற்றில் எத்தனை இருக்கிறது? போர் நினைவுகளில் எண்கள் பொதுவாக மேல்நோக்கித்தான் போகும்.

இரண்டு வாரம் கழித்துக் கையெறிகுண்டில் அவருக்குக் கால்களில் காயம். தன்னைத் தூக்கிப்போன ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கி, இன்னும் மோசமான நிலையில் கிடந்த ஒருவருக்கு இடம் கொடுத்தார். காத்திருந்தபோது கையில் குண்டு பாய்ந்து எலும்பு நொறுங்கியது. ஒரு துப்பாக்கியின் கட்டையைக் கையோடு சேர்த்து அணைகட்டிக்கொண்டு ஊர்ந்து போனார். வாழ்நாளெல்லாம் விலக்கிவைத்த பொருள், அதையும் சிகிச்சைச் சாமானாகத்தான் பயன்படுத்தினார்.

1945 அக்டோபரில் ட்ரூமன் கையால் மெடல் ஆஃப் ஆனர். படத்தை எடுத்த மெல் கிப்சனுக்கு இதுவரை போதும். ஆனால் டாஸ் லெய்ட்டேயில் காசநோயையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். 1951 வரை பெரும்பாலும் மருத்துவமனை வாழ்க்கை. இடது நுரையீரலும் ஐந்து விலா எலும்புகளும் போயின. நிலையான முழுநேர வேலை எதுவும் முடியவில்லை.

படத்தில் டோரதி முதல் சந்திப்பிலேயே நர்ஸாக வருகிறார். உண்மையில் அவர்கள் பழகியது சபையில். கல்யாணம் 1942 ஆகஸ்டில். டோரதி நர்ஸானது போருக்குப் பிறகு, வேலை செய்ய முடியாத கணவனையும் 1946இல் பிறந்த மகனையும் வைத்துக் குடும்பத்தை நடத்த வேண்டியிருந்ததால். இந்த ஒரு மாற்றத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கஷ்டத்தால் படித்த படிப்பைக் காதல் காட்சிக்கு அலங்காரமாக ஆக்கிவிட்டார்கள்.

1976இல் ஆன்டிபயாட்டிக் மருந்து அளவுக்கு மீறிப்போய் டாஸுக்குக் காது முழுவதும் கேட்காமல் போனது. 12 ஆண்டுகள் நிசப்தம். 1988இல் காக்லியர் கருவி பொருத்திய பிறகுதான் மறுபடி சத்தம் கேட்டது. டோரதியின் குரல் அதன்பின் அவருக்குக் கிடைத்தது மூன்று ஆண்டுகள் சொச்சம். 1991 நவம்பரில், புற்றுநோய் சிகிச்சைக்காக டோரதியை மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப் போனார். வண்டி அவர் கட்டுப்பாட்டை மீறியது. டோரதி இறந்துவிட்டார்.

அந்நியர்களைக் கயிற்றில் இறக்கிக் காப்பாற்றிய மனிதர் ஓட்டிய வண்டி. இதை எந்தத் திரைக்கதையிலும் வைக்க முடியாது. அவர் சபையைவிட்டு விலகவில்லை. 1993இல் ஃபிரான்சஸ் என்பவரை மணந்துகொண்டார். 2006 மார்ச் 23 அன்று, 87 வயதில், அலபாமாவில் இறந்தார்.

என் தாத்தா செம்பவாங் கப்பல் பட்டறையில் 30 வருஷம் வேலை பார்த்தவர். சத்தம் காதைத் தின்றுவிட்டது. ஆயா அவரிடம் பேசுவதை நிறுத்தவே இல்லை. அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் சமையலறையிலிருந்தே பேசிக்கொண்டிருப்பார். போன வருஷம் புதுக் கருவி வாங்கி நான்தான் மாட்டிவிட்டேன். தாத்தா கொஞ்ச நேரம் ஆயாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, "இவ இவ்ளோ நாளா இப்படித்தான் பேசிக்கிட்டு இருந்தாளா?" என்றார். ஆயா ஒன்றும் சொல்லாமல் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.