புற்றுக் காளான்
அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் வறண்ட வெளிகளில், ஐப்பசி மழை மண்ணை நனைத்தபின் கறையான் புற்றுகளின்மீது முளைக்கும் டெர்மிட்டோமைசிஸ் பேரினத்துக் காளான், கறையான்கள் தம் ஆகாரத்திற்கென மண்ணடியில் வளர்த்துப் பேணும் பூசணத்தின் வெளித்தோற்றமேயாகும். குடையின் உச்சியிலுள்ள முனையும், தாளின் அடியிலிருந்து கறையான் கூடுவரை இறங்கும் வேர்போன்ற நீட்சியும் இதன் பிரதான லட்சணங்கள். புல்தரையில் முளைக்கும் குளோரோபில்லம் என்னும் விஷக் காளானுக்கோ அந்நீட்சி இல்லை. அதன் குடையின் அடிமடிப்புகள் முதிர்கையில் பச்சை நிறமாகும். உண்டவர்க்குக் கடும் வாந்தியும் பேதியும் காணும். குழம்பில் இட்ட வெள்ளிக்காசு கறுக்கிறதா என்று பார்த்து விஷத்தை நிர்ணயிக்கும் வழக்கம், பாட்டிமார் சொன்னதேயாயினும், சற்றும் நம்பத்தக்கதன்று. புற்றைக் கடப்பாரையால் கொத்தாது, தாளை மெல்லத் திருகி எடுத்தால், அடியிலுள்ள பூசணம் பிழைத்து மீண்டும் முளைக்கும். அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையம் 1998-இல் ஏபிகே 2 என்னும் பாற்காளான் ரகத்தை வெளியிட்டதால், ஐயமுள்ளோர் வைக்கோற் படுக்கையில் அதை வளர்த்தே உண்ணலாம்.