ஊராட்சிப் பணமும் கிராம சபையும்: கொரோனா காலத்து வரலாறு



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும்னு கூட்டமைப்பில் கேட்டாங்க. பத்தாவது படிச்ச எனக்கு ராஜா கதை எழுத வராது. நாம எல்லாரும் கண்ணால பார்த்த வரலாறு ஒன்று உண்டு. கொரோனா காலத்தில் நம்ம ஊராட்சிகளின் பணம் என்ன ஆச்சு என்பதுதான் அது.

2016-ல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோச்சு. மூணு வருஷத்துக்கு மேல தனி அலுவலர்கள்தான் ஊராட்சியைப் பார்த்தார்கள். 2019 டிசம்பர் கடைசியில் தேர்தல் நடந்து, 2020 ஜனவரி 6-ல் புதுத் தலைவர்கள் பதவி ஏற்றார்கள். பாதி இடம் பெண்களுக்கு. மூணு மாசம் ஆகும் முன்னே ஊரடங்கு வந்துவிட்டது.

அப்போ நம்ம பக்கத்து நிலைமை தெரியும்தானே. கோயில் நடை அடைச்சதால் தோவாளைப் பூவை வாங்க ஆள் இல்லை. அண்டி ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. கேரளாவுக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வீட்டில் காசு இல்லாதபோது வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் யார் கட்டுவார்? ஊராட்சிக்கு வரவு குறைஞ்சது. ஆனா பிளீச்சிங் பவுடர், கிருமிநாசினி, மோட்டார் கரண்ட் பில் என்று செலவு நிற்கல.

அந்த நேரம் கைகொடுத்தது நூறு நாள் வேலை. 2020-ல் தமிழ்நாட்டில் கூலி 229-ல் இருந்து 256 ரூபாய் ஆனது. மத்திய அரசு அந்த வருஷம் 40,000 கோடி கூடுதலாக ஒதுக்கியது. பிறகு, கூட்டுறவு வங்கிகளில் மகளிர் குழுக்கள் வாங்கியிருந்த சுமார் 2,756 கோடி ரூபாய் கடனைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது.

ஊராட்சிக்கும் 15ஆவது நிதிக்குழுப் பணம் வந்தது. எங்க ஊர் சபையில் ஒரு அக்கா எழும்பி, "இவ்வளவு பணம் வந்திருக்குன்னு சொல்லுதீங்க, தெருவிளக்கு ஏன் எரியல?"ன்னு கேட்டாங்க. அப்பதான் விவரம் தெரிஞ்சது. 2021-22 முதல் அந்தப் பணத்தில் 100-க்கு 60 ரூபாய் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான். மிச்சம் 40 ரூபாயில்தான் ஊருக்கு வேண்டிய மற்ற வேலைகள். அதில் சம்பளம் கொடுக்கவும் கூடாது. சொந்த வரி வரவு இருந்தால்தான் ஊராட்சிக்குக் கை நீளும்.

இந்தக் கேள்வியைக் கேட்கவே நாம ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதாச்சு. 2020 ஜனவரி 26-க்குப் பிறகு கூட்டம் கூடினால் நோய் பரவும் என்று கிராம சபைகளை நிறுத்தினார்கள். மறுபடி கூடியது 2021 அக்டோபர் 2-ல். இடையில் 20 மாசம். நோய்க்குப் பயந்தது நியாயம்தான். ஆனா ஊர்ப் பணம் அதிகமாகத் தேவைப்பட்ட காலத்தில் ஊர்க்காரர் கணக்குக் கேட்க இடமில்லாமல் போச்சு.

நம்ம நாஞ்சில் நாட்டுக்கு ஊர்க்கூட்டம் புதுசில்லை. 300 வருஷத்துக்கு முன்பே, திருவிதாங்கூர் காலத்தில், நாட்டார் கூட்டம் கூடி நியாயமில்லாத வரியைக் கட்ட மாட்டோம் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அன்னைக்கு அது நாட்டாரின் கூட்டம். இன்னைக்கு ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள ஒவ்வொரு பெண்ணும் கிராம சபை உறுப்பினர்.

2025 ஜனவரியில் தலைவர்களின் பதவிக்காலம் முடிஞ்சு, மறுபடி தனி அலுவலர் பொறுப்பு வந்தது. தலைவர் இல்லாத காலத்திலும் சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள். 3,000 பேர் வரை உள்ள ஊரில் 100 பேர் வந்தால் சபை செல்லும். பத்துக் குழு சேர்ந்து போனாலே அந்த எண்ணிக்கை வந்துவிடும்.

குழுவில் வரவு செலவை வாசிக்காமல் நாம கையெழுத்துப் போடுவோமா? ஊராட்சிக் கணக்கையும் அதே மாதிரி வாசிக்கச் சொல்லிக் கேட்போம். வீட்டு வரி ரசீதையும் கையில் கொண்டு போவோம்.