சாலைக் கம்போளத்தில் சிசு ஔஷதம்

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலத்தை நோக்கி நீளும் சாலைக் கம்போளம், தர்மராஜா என்று கீர்த்தி பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் ஆட்சியினுடைய கடைசிப் பகுதியில், திவான் ராஜா கேசவதாஸின் முயற்சியால் உருவாயிற்று என்பது திருவிதாங்கூர்ச் சரித்திரம் படித்தோர் யாவரும் அறிந்ததே. இன்று குமரி மாவட்டத்தில் அடங்கிய விளவங்கோட்டுப் பகுதியில் 1745-ல் பிறந்து, 1789-ல் திவான் பதவியை அடைந்து, ஆலப்புழைத் துறைமுகத்தின் வளர்ச்சிக்கும் காரணராய் இருந்த அந்த மனிதர், பத்மநாபபுரத்தை விட்டுத் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், கோவிலையும் அரண்மனையையும் சூழ்ந்து பெருகும் ஜனங்களுக்கு ஒரு நிரந்தரமான சந்தை வேண்டும் என்பதை உணர்ந்திருந்தார். அவர் வகுத்த தெருவில் கோட்டாற்றிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வந்து குடியேறிய தமிழ் வணிகர் வேரூன்றினர். தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று இழைந்த பேச்சு அங்கே நிலைத்தது. அந்தத் தெருவிலேயே கடை நடத்தி வாழ்ந்த ஆ. மாதவன் ‘கடைத்தெருக் கதைகள்’ எழுதி, அதன் மனிதர்களை இலக்கியத்தில் நிலைபெறச் செய்தார். சாலையின் வர்த்தகத்தைப் பற்றி எழுதுவோர் அரிசியையும் மிளகையும் கொப்பரையையும் துணியையும் சொல்வார்கள். ஆனால் அங்காடி மருந்துக் கடைகளின் சிறு இழுப்பறைகளிலிருந்து, சில காசுக்கு ஒரு பொட்டலமாக, பச்சிளங் குழந்தையின் வயிற்றுக்காக விற்கப்பட்ட சரக்குகளின் வரலாறு அரிசி மிளகின் வரலாற்றுக்குச் சற்றும் குறைந்ததன்று என்பது என் துணிபு.

பிள்ளைக்கு இரண்டு நாளாய் வெளிக்கு இறங்கவில்லை என்று ஒரு பாட்டி கடைக்கு வந்து நின்றால், அவளுக்காகக் கட்டப்பட்ட சிறு பொட்டலத்தில் பாதி ஆசியா அடங்கியிருந்தது. கடுக்காயும் வசம்பும் சுக்கும் உள்நாட்டுச் சரக்கு. மலைச் சரக்குகளில் ஒரு பங்கு அகத்தியமலைக் காட்டில் காணிக்காரர் திரட்டிக் கொண்டுவந்தது. பெருங்காயமோ ஆப்கானிய, பாரசீக மலைச்சாரல்களில் கசிந்த பிசின். அதிமதுரம் மேற்காசியாவின் வேர். ஜாதிக்காயின் பூர்வீகம் கிழக்கே பாண்டாத் தீவுகள். காய்ந்த திராட்சை வடமேற்கு எல்லைக்கு அப்பாலிருந்து வந்துகொண்டிருந்தது. நிலாவாரை இலையோ திருநெல்வேலிக் கரிசல் காட்டில் விளைந்து, தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி, தன் ஊர்ப் பெயராலேயே ஐரோப்பிய மருந்து நூல்களில் இடம்பெற்ற புகழுடையது. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, தக்கலை, குழித்துறை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று மாட்டு வண்டிகள் ஊர்ந்துவந்த பெருவழி சாலையில் முடிந்ததாகையால், பாண்டி நாட்டு ஆமணக்கெண்ணெயும் இவற்றோடு வந்து சேர்ந்தது. இத்தனை தூரம் கடந்த திரவியங்கள் ஒரு சிசுவின் நாவில் ஒரு சொட்டாக முடிந்தன என்பதை நினைக்கும்போது, வாணிபம் என்பதன் அர்த்தமே வேறாகத் தோன்றுகிறது.

இந்தச் சரக்குகள் உட்கொள்ளப்பட்ட முறையே உரைமருந்து. மலையாளிகள் உரமருந்து என்பார்கள். கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், வசம்பு, சுக்கு முதலியவற்றை முழுதாகவே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் சுத்தமான கல்லில் தாய்ப்பால் விட்டோ வெந்நீர் விட்டோ இத்தனை சுற்று என்று எண்ணி உரைத்து, கிடைத்த விழுதைச் சங்கில் கலக்கிப் புகட்டுவார்கள். வசம்பை மட்டும் விளக்குச் சுடரில் கருகச் சுட்டு உரைப்பது தமிழ் வீடுகளின் வழக்கம். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பெயரும் சூட்டி, அந்தி வேளையில் அதன் உண்மைப் பெயரை உச்சரிக்கவும் அஞ்சினார்கள். இந்த முறையில் நான் மிகவும் மதிப்பது அதன் அளவு நுட்பத்தைத்தான். கழஞ்சும் பலமும் துலாமுமாக நிறுத்து விற்ற அந்தக் கடைத்தெருவில், நூறு பலம் ஒரு துலாம் என்ற கணக்கு பெரியவர்களின் கஷாயத்துக்கும் லேகியத்துக்கும் பொருந்தியதேயன்றி, மூன்று மாதக் குழந்தைக்கு எந்தத் தராசும் உதவாது. கல்லின்மேல் ஒரு சுற்றா, இரண்டு சுற்றா என்பதே அங்கே நிறை. குழந்தை வளர வளரச் சுற்றும் வளரும். மலம் இறுகினால் கடுக்காய்க்கு ஒரு சுற்றுக் கூடும், வயிறு இளகினால் அது நின்று மாசிக்காய் முந்தும். ஒரு கடுக்காய் மாதக் கணக்கில் தேய்ந்துகொண்டிருக்க, குழந்தையின் வயிற்றுக்குள் சென்றது அணுவளவே. அதனால் குணம் ஏற்பட்டதோ இல்லையோ, தீங்கு பெரும்பாலும் தன் எல்லைக்குள் அடங்கி நின்றது.

ஆமணக்கெண்ணெயின் கதை அத்தனை சாதுவானதன்று. அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடலில் விடுபட்டு, குடற்சுவரின் தசைகளைப் பலமாகச் சுருங்கச் செய்கிறது. பேதி கடுமையாவது அதனால்தான். இருந்தும் சில மாதங்களுக்கு ஒருமுறை, நோய் ஏதும் இல்லாத குழந்தைகளையும் பிடித்து, மூக்கைப் பொத்தி, விளக்கெண்ணெய் புகட்டிக் ‘குடலைக் கழுவுவது’ தமிழர் வீடுகளில் ஒரு கடமையாகவே கருதப்பட்டது. நம்மை மட்டும் குறை கூறுவதற்கில்லை. சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி ஆமணக்கெண்ணெய் கொடுத்த ஆங்கிலேயத் தாய்மாரும் அக்காலத்தில் உண்டு. மலம் உள்ளே தங்கினால் அதிலிருந்து விஷம் ஊறி உடம்பெங்கும் பரவும் என்ற எண்ணம், மேற்கிலும் கிழக்கிலும், படித்தவர்களையும் படிக்காதவர்களையும் ஒருங்கே ஆட்டிவைத்தது. நம் வீடுகளில் இன்னொரு பழக்கமும் இருந்தது: வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்துக் குழந்தையின் ஆசனவாயில் மெல்லச் செருகுவது. மலம் உடனே இறங்கிவிடுமாதலால் பாட்டிமார்கள் இதை ஒரு சித்தியாகவே எண்ணினார்கள். அந்த இடம் மிக மெல்லிய தோலால் ஆனது. ஒரு கீறல் விழுந்தால் அடுத்த முறை வலிக்கும். வலிக்கு அஞ்சிக் குழந்தை மலத்தை அடக்கும். அடக்கிய மலம் மேலும் இறுகும். கைவைத்தியமே வியாதிக்கு வித்திட்ட வீடுகளும் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது.

சாஸ்திரமோ இவ்விஷயத்தில் வழக்கத்தைவிட நிதானமாகவே பேசியிருக்கிறது. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் ஒன்றாகக் குழந்தைப் பரிபாலனத்தைக் ‘கௌமாரபிருத்யம்’ என்று தனியே வகுத்தார்கள். சித்த மரபில் ‘பாலவாகடம்’ எழுந்தது. மிருதுவாகப் பேதியாக்கும் பொருள்களுள் சரக்கொன்றையின் காய்ச்சதையே தலைசிறந்தது என்றும், அது குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஏற்றது என்றும் சரக சம்ஹிதை கூறுகிறது. விஷு நாளில் கேரளத்து வீடுகளில் கணிக்கு வைக்கும் அதே கொன்றையின் காய் அது. கொச்சியின் டச்சுத் தளபதி வான் ரீடு, இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரின் துணையோடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக அச்சேற்றிய ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் நூலில் கொன்றைக்கும் ஆமணக்குக்கும் இடம் கிடைத்திருப்பதைப் பார்த்தால், இந்தக் கடற்கரையின் வைத்திய அறிவு சாலை தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உலகத்தின் கவனத்தைக் கவர்ந்திருந்தது புலனாகும்.

ஆயினும் சாஸ்திரமும் கடையும் பாட்டியும் ஒருசேரத் தடுமாறிய இடம் ஒன்று உண்டு. எது மலச்சிக்கல் என்று நிர்ணயிப்பதே அது. தாய்ப்பால் ஒன்றையே உண்ணும் சிசு, முதல் சில வாரங்கள் கடந்தபின், ஒரு நாளைக்குப் பலமுறை மலங்கழிப்பதும் இயல்பு. பால் ஏறக்குறைய முழுவதும் ஜீரணமாகிவிடுவதால், நான்கைந்து நாளோ ஒரு வாரமோ கழியாமலே இருந்து, பின்னர் இளகலாகக் கழிப்பதும் இயல்பு. முகம் சிவக்க முக்குவதும் முனகுவதும் இளங்குழந்தை கழிக்கக் கற்றுக்கொள்ளும் பிரயாசையே. குழந்தை நன்றாகப் பால் குடித்து எடை கூடிவந்தால் எந்த மருந்துக்கும் அவசியமில்லை. ஆனால் பிறந்து இரண்டு நாளுக்குள் கருமலம் வெளிப்படாமல் வயிறு உப்பும் குழந்தையின் நிலைமை வேறு. பெருங்குடலின் ஒரு பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமலே பிறக்கும் அத்தகைய குழந்தைகளைப் பற்றி டென்மார்க்கு தேசத்து வைத்தியர் ஹிர்ஷ்ஸ்பிரங் 1886-ல் எடுத்துரைத்தார். சத்திர சிகிச்சையாலன்றி அதற்குப் பரிகாரம் இல்லை. உரைகல்லும் வெற்றிலைக் காம்பும் அங்கே காலத்தை வீணாக்கியிருக்கும். எத்தனை குழந்தைகள் அவ்வாறு மறைந்தன என்பதற்கு எந்தக் கடையிலும் கணக்கு இல்லை.

சமஸ்தானத்தில் 1889-ல் ஆயுர்வேதப் பாடசாலை நிறுவப்பட்டது. 1951-ல் மருத்துவக் கல்லூரியும், அதைத் தொடர்ந்து 1952-ல், பாலப் பருவத்திலேயே மறைந்த இளவரசரின் பெயரால், தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான ஸ்ரீ அவிட்டம் திருநாள் ஆஸ்பத்திரியும் தோன்றின. அதற்குள்ளாகவே சாலைக் கடைகளின் அலமாரியில் கண்ணாடிப் புட்டிகள் இடம்பிடித்துவிட்டன. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து மருந்துக்காரர் வில்லியம் வுட்வர்ட் 1851-ல் தயாரித்த ‘கிரைப் வாட்டர்’ அவற்றுள் பிரதானமானது. சோம்பினத்து விதையின் எண்ணெயும் சோடா உப்பும் சர்க்கரையும் அதில் இருந்தன. பழைய தயாரிப்பில் சாராயச் சத்தும் கலந்திருந்தது. குழந்தை உறங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். மலச்சிக்கலுக்கு அது மருந்தாகாது. இருந்தும் வயிற்றின் எல்லா உபாதைக்கும் அதையே புகட்டும் வழக்கம் வேகமாகப் பரவிற்று. பொட்டலம் கட்டியவர் குழந்தைக்கு எத்தனை மாதம், பால் குடிக்கிறதா, சோறூட்டியாயிற்றா என்று விசாரித்த பிறகே சரக்கை எடுத்தார். புட்டியை விற்பதற்கு அத்தகைய விசாரணை வேண்டியிருக்கவில்லை. 1956-ம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் பலமும் கழஞ்சும் போய்க் கிராம் வந்ததைக் காட்டிலும், இந்த விசாரணை மறைந்ததைத்தான் நான் பெரிய நஷ்டமாகக் கருதுகிறேன்.

பழையன எல்லாவற்றையும் மீட்க வேண்டும் என்று நான் வாதிக்கவில்லை. வசம்பிலுள்ள ஆசரோன் என்னும் பொருளைக் கருதி அமெரிக்கா 1968-ல் அதை உணவில் சேர்ப்பதையே தடை செய்தது. உரைமருந்தோடு தேன் கலந்து நாவில் தடவும் வழக்கத்தையும் விட்டொழிக்கத்தான் வேண்டும். 1976-ல் கலிபோர்னியாவில் சிசுக்களைத் தாக்கும் பொட்டுலிச நோய் இனங்காணப்பட்டபின், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்பது உலகெங்கும் வைத்தியர்களின் ஏகோபித்த முடிவாயிற்று. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்ற இக்கால விதிக்கு முன் உரைமருந்தின் பெரும்பகுதி நிற்க முடியாது.

ஆனால் எந்தக் கடையிலும் விற்கப்படாத வைத்தியம் ஒன்று அந்தத் தெருவின் வீடுகளில் இருந்தது; இந்த வரலாற்றின் சாரமான பகுதி அதுவே என்று நான் நம்புகிறேன். குளிப்பாட்டும் முதியவள் தரையில் அமர்ந்து கால்களை நீட்டி, குழந்தையை அவற்றின்மேல் கிடத்தி, எண்ணெய் தடவி, தொப்புளைச் சுற்றி வலஞ்சுழியாக வயிற்றை நீவிவிடுவாள். கால்களை மடக்கி வயிற்றோடு அழுத்தி நீட்டுவாள். குழந்தை சற்றே வளர்ந்து கழுத்தும் முதுகும் நின்றபின், தினந்தோறும் காலையில் பால் குடித்து முடித்த வேளையில், தன் இரு பாதங்களையும் சேர்த்து அவற்றின்மேல் அதைக் குந்தவைத்து, முதுகைத் தாங்கிக்கொண்டு, அவசரப்படுத்தாமல் காத்திருப்பாள். உணவு இரைப்பையில் இறங்கியதும் பெருங்குடல் தானே அசையத் தொடங்கும் என்பதும், குந்திய நிலையில் மலவாயிலின் வளைவு நேராகும் என்பதும் அவளுக்குப் புத்தகத்தில் கிடைத்த அறிவல்ல. இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளின் மலச்சிக்கலுக்கு இன்று குழந்தை வைத்தியர்கள், உணவுக்குப் பின் பாதங்கள் எதிலேனும் ஊன்றியிருக்கும்படி உட்காரவைத்து, திட்டாமல் பொறுத்திருக்கச் சொல்வது ஏறக்குறைய இதையேதான்.

சோறூட்டல் நடந்து திட உணவு தொடங்கும் மாதங்களில்தான் மெய்யான மலச்சிக்கல் தலைகாட்டும். உலர்த்திய ஏத்தங்காய்ப் பொடியிலும் குன்னன் காய்ப் பொடியிலும் காய்ச்சிய குறுக்குக் கேரளத்துக் குழந்தைகளின் பாரம்பரிய ஆகாரம். புஷ்டியானதே, ஆயினும் காயின் மாவு சில குழந்தைகளுக்கு மலத்தை இறுக்கும். அதற்கு மாற்றும் அதே குலையிலேயே இருந்தது: நன்றாகக் கனிந்த பாளையங்கோடன், நாஞ்சில் நாட்டுக்காரர் சிசுவின் முதல் கனியாகப் பிசைந்தூட்டிய மட்டி. ஊறவைத்துக் கசக்கி வடிகட்டிய காய்ந்த திராட்சை நீரும் அவ்வாறே. அதிலுள்ள இனிப்புப் பொருள்கள் குடலுக்குள் நீரை ஈர்த்து மலத்தை இளக்குகின்றன. சோற்றைக் குறைத்து நாள் முழுதும் பசும்பாலாலேயே குழந்தையின் வயிற்றை நிரப்பிவிடும் வீடுகளில் சிக்கல் வலுத்தது, இன்றும் வலுக்கிறது. இத்தனைக்குப் பின்னும் மலம் கல்லாய் இறுகிக் குழந்தை அழுதால், வைத்தியரின் மேற்பார்வையில் மலத்தை இளக்கும் மருந்தை மாதக்கணக்கில் கொடுப்பதே இக்காலச் சம்பிரதாயம். வலி மறந்து அடக்கும் பழக்கம் நீங்கும்வரை அதை நிறுத்தலாகாது. மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, எடை குறைதல், வயிற்று உப்பிசம் இவற்றில் எது கண்டாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கே செல்ல வேண்டும்.

சாலையின் அங்காடி மருந்துக் கடைகளில் கடுக்காயும் மாசிக்காயும் இன்றும் விற்பனையாகின்றன. வாங்குவோரில் பெரும்பாலோர் பெரியவர்களின் கஷாயத்துக்கும் தைலத்துக்கும் வாங்குகிறார்கள். குழந்தையின் வயிற்றுக்காக வருகிறவர்களுக்கு வேண்டியது, அதே தெருவில் வாழைக்குலைகள் தொங்கும் கடைகளில்தான் இருக்கிறது.