கேமுக்கா, டிசைனுக்கா? வடசென்னை லேப்டாப் புராணம்

ப்ளஸ் டூ முடிச்சு காலேஜ் சீட்டு உறுதியானதும் நம்ம திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு பஞ்சாயத்து ஆரம்பிக்கும் மக்களே. பிள்ளை "டிசைன் வேலைக்கு கிராபிக்ஸ் கார்டு இருக்கற லேப்டாப் வேணும்"னு நிக்கும். அப்பா "அது கேம் ஆடுற பொட்டிதானே, எனக்குத் தெரியாதா?"ம்பார். நான் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன்ங்கறதால தெருவுல தீர்ப்பு சொல்ல என்னைக் கூப்பிடுவாங்க. ரெண்டு பேர் சொல்றதுமே நிஜம். ஏன்னு சொல்லணும்னா கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

ஒரு காலத்துல எலக்ட்ரானிக் சாமான்னாலே நமக்கு பர்மா பஜார்தான். பர்மாவுல இருந்து திரும்பி வந்த தமிழர்கள் பிழைக்கறதுக்காக 1969-ல் பீச் ஸ்டேஷன் பக்கம், ராஜாஜி சாலை ஓரமா உருவான கடைவரிசை அது. கூப்பிடு தூரத்துல ஹார்பர், அதுக்குப் பக்கத்துலயே கஸ்டம்ஸ் ஹவுஸ். இறக்குமதி வரி எகிறிக் கிடந்த அந்தக் காலத்துல 'ஃபாரின் சாமான்' அங்கதான் கிடைக்கும். ஆனா கம்ப்யூட்டர்னு வந்தா நம்ம ஏரியாக்காரங்க பஸ் ஏறினது மவுண்ட் ரோடு ரிச்சி தெருவுக்கு. போர்டு ஒரு கடை, ரேம் ஒரு கடைன்னு பேரம் பேசி வாங்கி 'அசெம்பிள்' பண்ணிக்கிட்டு வர்றது. கிராபிக்ஸ் கார்டு அப்புறம் பார்த்துக்கலாம்னு ஒரு ஸ்லாட் காலியா இருக்கும். பல வீட்டுல கடைசி வரைக்கும் காலியாவே இருந்துச்சு :)

லேப்டாப் சாதாரண வீட்டுக்கு எட்டற தூரத்துக்கு வந்ததுக்குப் பின்னாடி, தொழில்நுட்ப வளர்ச்சியோட, ஒரு ஒப்பந்தமும் இருக்கு. 1996 டிசம்பர்ல சிங்கப்பூர்ல தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கு வரியை நீக்கறதுன்னு சில நாடுகள் முடிவு பண்ணாங்க. இந்தியா 1997-ல் சேர்ந்து, 2005 வாக்குல கம்ப்யூட்டர் மேல இருந்த அடிப்படை சுங்க வரியைப் பூஜ்யமாக்கிடுச்சு.

இதே காலத்துல வேற ஒரு மாற்றம் நடந்துட்டு இருந்துச்சு. அதைச் சொல்ல நம்ம ஊர் உதாரணமே இருக்கு. எம்ஆர்எஃப் கம்பெனி 1946-ல் திருவொற்றியூர்ல ஒரு சின்ன ஷெட்ல ஆரம்பிச்சப்போ என்ன செஞ்சாங்க தெரியுமா? பலூன். குழந்தைங்க ஊதி விளையாடற பலூன். லாரி டயர் எல்லாம் அப்புறமா வந்தது. கிராபிக்ஸ் சிப்பு கதையும் அச்சு அசல் இதேதான். 1999-ல் என்விடியா ஜீஃபோர்ஸ் 256-ஐ விட்டப்போ அது கேம் ஆடறவனுக்கான சரக்கு. திரையில இருக்கற லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே மாதிரிக் கணக்கை ஒரே சமயத்துல போடறதுதான் அதோட வேலை. 2007-ல் கூடா வந்ததும் அதே சிப்புல எந்தக் கணக்கையும் போடலாம்னு ஆச்சு. இலவச முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர்ல 2011 டிசம்பர்ல சைக்கிள்ஸ் ரெண்டரர் வந்துச்சு. ஒளி எங்க பட்டு எப்படித் தெறிக்குதுன்னு கிராபிக்ஸ் கார்டை வெச்சே கணக்குப் போட முடிஞ்சுது.

அந்த மாசத்தை ஞாபகம் வெச்சுக்குங்க. அதுக்கு சரியா மூணு மாசம் முன்னாடி, 2011 செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள் அன்னிக்கு, திருவள்ளூர் பக்கம் காக்களூர்ல முதல்வர் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வெச்சார். எல்காட் டெண்டர் விட்டு வாங்கினது. 14 அங்குலத் திரை, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டர் எப்படிப்பட்டதுன்னா அதுல வால்பேப்பரைக் கூட மாத்த முடியாது! தனி கிராபிக்ஸ் கிடையாது.

இதை நக்கல் அடிக்கறவங்க கூட எனக்கு ஒத்துப்போகாது. சில வருஷம் கழிச்சு எனக்கும் ப்ளஸ் டூவுல அந்த மூடியில கோபுர முத்திரை போட்ட லேப்டாப்தான் கிடைச்சது. முதல் சி ப்ரோக்ராம் எழுதினது அதுலதான், லினக்ஸைக் கண்ணால பார்த்ததும் அதுலதான். 2020-க்குள்ள 50 லட்சத்துக்கும் மேல கொடுத்திருக்காங்க. 2012-ல் சென்னைக்கே தினம் ரெண்டு மணி நேரம் கரண்ட் கட். எண்ணூர் அனல்மின் நிலையப் புகைபோக்கி மொட்டை மாடியில இருந்து தெரியும், கீழ வீட்டுல இருட்டு. யூபிஎஸ் வாங்க வழியில்லாத வீட்டுக்கு பேட்டரி இருக்கற கம்ப்யூட்டர்னா எவ்ளோ பெரிய விஷயம்! (அந்த நிலையத்தை 2017-ல் மூடிட்டாங்க.)

என் வருத்தம் வேற. டெண்டர்ல எல்லாருக்கும் ஒரே ஸ்பெக். தமிழ் இலக்கியம் படிக்கறவருக்கும் அதே, பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் படிக்கறவனுக்கும் அதே. நம்ம பெல்ட்டோ அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் இருக்கற இடம். அப்பா மெஷின்ல நின்னு பார்த்த பார்ட்டைப் பையன் திரையில வரையணும்னு ஆசைப்படறான். படம் கொஞ்சம் பெருசானா பொட்டி முக்கும். அரசாங்கம் தலையைத்தான் எண்ணுச்சு, பாடப்பிரிவை எண்ணலை. 2025 பட்ஜெட்ல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட்னு அறிவிச்சு, 2026 ஜனவரியில கொடுக்க ஆரம்பிச்சப்போ 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டின்னு நல்லாவே முன்னேறியிருந்துச்சு. கிராபிக்ஸ் விஷயத்துல மட்டும் பழைய கதைதான்.

ஆக, அந்த இடைவெளியைக் குடும்பம்தான் அடைக்கணும். டிசைனுக்குன்னே 'வொர்க்ஸ்டேஷன்'னு பேர் போட்டு விக்கற லேப்டாப் விலையைக் கேட்டா தலை சுத்தும். கேமிங் லேப்டாப்பை உலகம் பூரா பசங்க வாங்கறதால அதே குடும்பத்து சிப்பு அதுல மலிவா வருது. அதாவது கேம் ஆடற பசங்கதான் டிசைன் படிக்கற பொண்ணுக்கு மறைமுகமா மானியம் கொடுக்கறாங்க. பிள்ளை கேட்கறது கேம் பொட்டிதான், அதுக்கு உண்மையான வேலையும் இருக்கு. இதை அப்பாகிட்ட மறைக்காம அப்படியே சொல்லிடறதுதான் நல்லது. ராத்திரி கேம் ஆடுவான், ஆடட்டுமே.

ஆனா ரெண்டும் பிரியற ஒரு இடம் இருக்கு: திரை. கேம்காரனுக்கு நொடிக்கு 144 தடவை படம் மாறணும். டிசைனுக்கு நிறம் சரியா இருக்கணும். விலை குறைஞ்ச கேமிங் லேப்டாப்ல பெரும்பாலும் '45 சதவீதம் என்டிஎஸ்சி'ன்னு பொடி எழுத்துல இருக்கும். எஸ்ஆர்ஜிபி அளவுல அது மூணுல ரெண்டு பங்கு கூட வராது. அதுல பார்த்து செஞ்ச போஸ்டரை வேற நல்ல திரையில பார்த்தா சிவப்பு வேற மாதிரி அடிக்கும். நூறு சதவீத எஸ்ஆர்ஜிபி இருக்கற மாடலைப் பாருங்க. இல்லாட்டி லேப்டாப்பை எடுத்துட்டு ஒரு நல்ல மானிட்டரை அப்புறமா சேர்த்துக்கலாம். ரேம் 16 ஜிபி, கூட்டிக்க ஸ்லாட் இருக்கணும். ஆர்கிடெக்சர், மெக்கானிக்கல்னா விண்டோஸ்தான், சாலிட்வொர்க்ஸ் வேற எதுலயும் நேரா ஓடாது. நம்ம பக்கம் உப்புக்காத்து வேற, ராத்திரி கடல் பார்த்த ஜன்னல்ல திறந்து வெச்சுட்டுத் தூங்காதீங்க.

கடைசியா வாட். ஆர்டிஎக்ஸ் 4050-ன்னு பேர் ஒண்ணுதான், ஆனா லேப்டாப் கம்பெனி அதை 35 வாட்லயும் ஓட்டலாம், 115 வாட்லயும் ஓட்டலாம். வேகம் அதுக்கேத்த மாதிரி மாறும். ஸ்டிக்கர்ல இதைப் போட மாட்டாங்க. கடையில கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. அன்னிக்கு அட்வான்ஸ் கொடுக்காம முழு மாடல் நம்பரை மட்டும் எழுதிக்கிட்டு வீட்டுக்கு வந்துடுங்க. கம்பெனி தளத்துல அந்த நம்பரைப் போட்டா எத்தனை வாட்னு இருக்கும், பார்த்துட்டு மறுநாள் போய் வாங்கலாம்.