கார் நேராகப் போகக் கற்றுக்கொண்ட கதை

"நாப்பதுல போறப்ப ஒண்ணும் தெரியல, எண்பது தாண்டினா ஒரு பக்கமா இழுக்குது பாஸ்." கார் வச்சிருக்கற பலரும் ஒரு தடவையாவது சொல்ற டயலாக் இது. உடனே அலைன்மென்ட் கடைக்கு ஓடுவோம். அதுக்கு முன்னாடி இந்த 'இழுக்கற' வியாதியோட சரித்திரத்தைக் கொஞ்சம் பார்த்துடலாம். நடுவுல ஒரு ஜனாதிபதியோட உயிரும் வருது.

முதல்ல, வேகமா போனா மட்டும் ஏன் பெருசா தெரியுது? 30 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு செகண்டுக்கு சுமார் 8 மீட்டர் நகரும். 100-ல் போனால் 28 மீட்டர். அதே சின்னக் கோணத்தில் விலகினாலும், பக்கத்து லேனுக்கு மூணு மடங்கு சீக்கிரம் போய்ச் சேர்ந்துடுவோம். வியாதி மெதுவா போறப்பவே இருக்கு, வேகம் அதைக் காட்டிக் கொடுக்குது. அவ்வளவுதான்.

இப்ப குதிரை வண்டிக் காலத்துக்குப் போவோம். அன்றைய நாலு சக்கர வண்டிகளில் முன்னச்சு முழுசும் நடுவில் இருக்கும் ஒரே ஆணியில் திரும்பும். இடது சக்கரம் ஒரு கல்லில் மோதினால் அச்சே இடது பக்கம் திரும்பிடும். அச்சில் பாதி நீளம் அந்தக் கல்லுக்கு நெம்புகோல்! 1817-ல் மியூனிக் நகரில் வண்டி செய்துகொண்டிருந்த கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர், சக்கரத்துக்கு ஒரு ஆணி வீதம், சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். அடுத்த வருஷம் அவருடைய ஏஜெண்டாக லண்டனில் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மேன். நாம எல்லாரும் காலேஜில் படிச்சது 'ஆக்கர்மேன் ஸ்டியரிங்'. கண்டுபிடிச்சவர் பேர் அம்போ :-)

நெம்புகோல் சில அங்குலமாக் குறைஞ்சது. ஆனா பூஜ்யம் ஆகலை. சக்கரம் திரும்பும் அச்சுக்கோட்டைக் கீழே நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்தின் நடுவுக்குக் கொஞ்சம் உள்பக்கமாகப் போய் விழும். அந்த இடைவெளிக்கு ஸ்க்ரப் ரேடியஸ் என்று பெயர். ஒரு பக்க பிரேக் மட்டும் இறுக்கமாப் பிடித்தாலோ, ஒரு டயரில் காத்து இறங்கினாலோ, அந்தச் சில அங்குலத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ரோடு நம்ம கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பறிக்கும். 

கதவைக் கைப்பிடி பக்கம் தள்ளினால் லேசாத் திறக்கும். கீல் பக்கத்தில் தள்ளிப் பாருங்க, அசையாது. 1955 பாரிஸ் மோட்டார் ஷோவில் வந்த சிட்ரோயன் டிஎஸ் செய்தது இதைத்தான். முன் சக்கரங்களின் அச்சுக்கோடு, டயர் தரையைத் தொடும் இடத்தின் நடுவிலேயே விழும்படி அமைத்தார்கள். ரோடு தள்ளுவது கீலிலேயே! 

1962 ஆகஸ்ட் 22 சாயங்காலம் இதுக்குப் பரீட்சை வந்தது. பிரெஞ்சு ஜனாதிபதி சார்லஸ் டி கோல், மனைவி, மருமகனோடு ஒரு டிஎஸ்ஸில் விமான தளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். பெத்தி-க்ளமார் என்ற இடத்தில் சரமாரியாகச் சுட்டார்கள். இரண்டு டயர் காலி. டிரைவர் வண்டியை நிறுத்தவே இல்லை, அப்படியே ஓட்டித் தப்பித்தார். காரில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. 'தி டே ஆஃப் தி ஜக்கால்' நாவல் தெரிந்தவர்களுக்கு இந்தச் சம்பவம் பழக்கமா இருக்கும். டிரைவரின் திறமை, அதிர்ஷ்டம், அந்தக் காரின் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் எல்லாத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனா டயர் போன நேரத்தில் ஸ்டியரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கிட்டுப் போகாததுக்கு அந்த ஜியாமெட்ரியும் காரணம். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய பாஸ்தியன்-தீரியும் விமானப்படையில் ஒரு இஞ்சினியர்தான் என்பது வரலாற்றின் குசும்பு.

1972-ல் வந்த ஆடி 80 இன்னும் ஒரு படி போச்சு. அச்சுக்கோடு டயரின் நடுவைத் தாண்டி வெளிப்பக்கம் விழும். அதாவது நெகடிவ். ஒரு முன் பிரேக் மட்டும் பிடித்து வண்டி இடது பக்கம் இழுத்தால், சக்கரமே லேசா வலது பக்கம் திரும்பி ஈடு கட்டும்.

அப்புறம் ஏன் நம்ம வண்டி இன்னும் இழுக்குது? பெரும்பாலும் டயர். மிஷ்லின் 1946-ல் காப்புரிமை வாங்கின ரேடியல் டயரில், உள்ளே எஃகுக் கம்பிப் பட்டை சுற்றியிருக்கும். அந்தப் பட்டை கொஞ்சம் ஓரமா உட்கார்ந்துட்டா டயர் கூம்பு மாதிரி நடந்துக்கும். பேப்பர் டீ கப்பை மேஜையில் உருட்டிப் பாருங்க, வட்டமாத்தான் போகும். அலைன்மென்ட் மெஷின் இதைக் கண்டுபிடிக்காது.

அதனால வரிசை இதுதான். முதல்ல நாலு டயரிலும் காத்து. அடுத்து ரோடு: நம்ம ரோடு இடது ஓரமாச் சரிஞ்சிருக்கும், லேசா இடது பக்கம் போனா வண்டி மேல பழி போடாதீங்க. மூணாவது, முன் டயர் ரெண்டையும் இடம் மாத்துங்க (ஒரே திசையில் மட்டும் உருளணும்னு அம்புக்குறி போட்ட டயர்னா இப்படி மாத்தக் கூடாது). இழுக்கற திசையும் மாறினா குற்றவாளி டயர். மாறலைன்னா, பிரேக்கை அதிகம் தொடாம கொஞ்ச தூரம் ஓட்டிட்டு இறங்கி, எந்தச் சக்கரம் மட்டும் சூடா இருக்குன்னு கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்க. அங்க பிரேக் சிக்கியிருக்கலாம். அலைன்மென்ட் கடை அதுக்கப்புறம்தான்.

ஒரே ஒரு கவலை. இப்ப சில கார்களில் எலக்ட்ரிக் ஸ்டியரிங்கின் சாப்ட்வேரே இந்த இழுப்பை மோட்டார் வச்சு சரிக்கட்டிடுது. கைக்கு ஒண்ணும் தெரியாது. எர்ரரைச் சத்தமில்லாம முழுங்கற கோடு எவ்வளவு ஆபத்துன்னு நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். 155 வருஷம் ரோட்டோட பிடியைக் குறைக்கப் பாடுபட்டாங்க. அது கொடுக்கற எச்சரிக்கையும் சேர்ந்து போயிடக் கூடாது. உங்க ஸ்டியரிங் சும்மா இருந்தாலும் டயரை மாசம் ஒரு தடவை குனிஞ்சு பாருங்க மக்களே.